எனக்கென்று என்ன சமைப்பது

2019 மே மாதம் என் கணவர் அலுவலக வேலையாக மூன்று வாரம் புனே போயிருந்தார். மகள் லீவுக்கு நாத்தனார் வீட்டில் இருந்தாள். கல்யாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் நான் வீட்டில் தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை. மூன்றாம் நாள் சாயங்காலம் தெருமுனைக் காய்கறிக் கடைக்குப் போனேன். கை பாட்டுக்குக் கத்திரிக்காய் பொறுக்க ஆரம்பித்தது. பிஞ்சாக, காம்பு பச்சையாக இருப்பதாகப் பார்த்து ஐந்தாறு எடுத்த பிறகுதான் உறைத்தது. கத்திரிக்காய் அவருக்குப் பிடிக்கும். எனக்கு?

காய்களைத் திரும்பக் கூடையில் போட்டேன். பீர்க்கங்காய் மகளுக்குப் பிடிக்கும். வாழைக்காய் மாமியார் இருந்த வரைக்கும் வாரம் ஒருமுறை. கடைக்கார அம்மா, "என்னம்மா, எடை போட்டுடவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவ்வளவு காய்களுக்கு முன்னால் நின்று, எனக்கு எது வேண்டும் என்று உள்ளே தேடிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. சோகமாக இல்லை, பயமாக இருந்தது. பால் பாக்கெட் மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த மூன்று வாரமும் பெரும்பாலும் மோர்சாதம்தான்.

இதை நெருங்கின தோழிகளிடம் சொன்னபோது, "கல்யாணமான பொம்பளைங்க எல்லாருக்கும் இப்படித்தான்டி" என்றார்கள். அதில் உண்மை உண்டு. பெண்களை வளர்க்கிற விதமே அப்படி. ஆனால் அந்தப் பதில் எனக்கு முழுதாகப் பொருந்தவில்லை. என் ஓர்ப்படி அதே வீட்டில், அதே மாமியாரிடம், என்னைவிட அதிக வேலை செய்தவள். அவளுக்குப் பாகற்காய் பிடிக்கும். வீட்டில் வேறு யாருமே தொட மாட்டார்கள் என்றாலும் தனக்கென்று ரெண்டு பாகற்காய் வறுத்து வைத்துக்கொள்வாள். அவள் பிரச்சினைகள் வேறு, ஆனால் அவளுக்கு அவளைத் தெரிந்திருந்தது. எனக்கு நேர்ந்தது கல்யாணத்துக்கு முன்னாலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

பழைய கல்லூரி நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருடத்தில் மூன்று கையெழுத்து. முதல் வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுத்தைச் சாய்த்து எழுதுவாள், என் எழுத்தும் சாய்ந்திருக்கிறது. இரண்டாம் வருடத் தோழி உருண்டையாக எழுதுவாள். மூன்றாம் வருடம் இன்னொருத்தி. திட்டம் போட்டு மாற்றிக்கொண்டதாக ஞாபகமே இல்லை. யாரை நேசித்தேனோ அவர்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆகியிருக்கிறேன், விரல் வரைக்கும்.

உளவியல் படித்தவர்கள் இதை 'அட்டாச்மென்ட்' என்ற தலைப்பில் பேசுகிறார்கள். தமிழில் பிணைப்பு, பற்று என்றெல்லாம் எழுதுகிறார்கள். பற்று என்றதும் நமக்கு அதை அறுக்கச் சொன்ன ஞானிகள் நினைவுக்கு வந்துவிடுவார்கள். பாசம் என்றாலோ சைவ சித்தாந்தத்தில் உயிரைக் கட்டிப்போடுகிற கயிறு. எங்கள் ஊரில் சாதாரணமாகச் சொல்வது ஒட்டுதல். "பிள்ளைக்கு அப்பன்கிட்ட ஒட்டுதலே இல்லையே" என்பார்கள். எனக்கு அந்தச் சொல் போதும். ஒட்டுதல் எப்படி அமைகிறதோ அப்படித்தான் 'நான்' என்பதும் அமைகிறது என்பது இந்தத் துறையின் அடிப்படையான எண்ணம்.

இதைத் தொடங்கிவைத்தவர் ஜான் பவுல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். 1907இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்து மேல்தட்டு வழக்கப்படி அவரை வளர்த்தது மின்னி என்ற தாதிப் பெண். தாயைப் பார்ப்பது நாளைக்கு ஒரு மணி நேரம், தேநீருக்குப் பிறகு. பவுல்பிக்கு நாலு வயதாகும்போது மின்னி அந்த வீட்டை விட்டுப் போய்விட்டார். தாயையே இழப்பதற்குக் கிட்டத்தட்ட ஈடான துயரம் அது என்று அவர் பின்னாளில் கருதியதாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பெற்ற தாய் அதே வீட்டில்தான் இருந்தார், ஆனால் ஒட்டுதல் மின்னியிடம்.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கும் ஒரு மின்னி உண்டு.

நான் 1981இல் பிறந்தேன். அம்மா சென்னையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், வாரத்தில் இரண்டு நாள் நைட் டியூட்டி. அப்போது மத்திய அரசு ஊழியர்களுக்குப் பிரசவ விடுப்பு 90 நாள்தான். (1997க்குப் பிறகு அது 135 நாளானது, 2008இல் 180.) அப்பாவுக்குத் தனியார் கம்பெனி, குடியிருந்தது ஒண்டுக்குடித்தனம். என்னை நாலாவது மாதத்தில் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் அம்மாவைப் பெற்ற ஆச்சியிடம் விட்டார்கள். அம்மாவுக்குக் கல்மனசு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அந்த 90 நாளுக்கும் அந்த ஒற்றை அறைக்கும் நடுவில் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஐந்து வயது வரைக்கும் எனக்கு உலகம் என்றால் ஆச்சிதான். விடிகாலையில் கருப்பட்டிக் காப்பி வாசனை, வாசல் தெளிக்கிற சத்தம், வெயிலில் காயப்போட்ட மிளகாய் வத்தல், ராத்திரி ஆச்சியின் சேலைத் தலைப்பைக் கட்டை விரலில் சுற்றிக்கொண்டு தூங்குவது. அம்மா மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். கையில் பிஸ்கட், புது கவுன். நான் ஆச்சியின் பின்னால் ஒளிந்துகொண்டு பார்ப்பேன்.

1986இல் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனார்கள். ஸ்டேஷனில் ஆச்சி ஒரு பொட்டலம் கடலை மிட்டாயைக் கையில் திணித்து, "அம்மாகூட போ தாயி, ஆச்சி பொறவு வந்திருதேன்" என்றார். நம்பி ரயிலேறினேன். விடிந்தபோது அவர் இல்லை. அதற்கப்புறம் நடந்ததைத்தான் எங்கள் வீட்டில் பல வருடம் பெருமையாகச் சொல்வார்கள். குழந்தை அழவே இல்லை. எழுந்து உட்கார்ந்து அம்மாவைப் பார்த்து, "அம்மா, நான் உங்களுக்குத் தண்ணி எடுத்துத் தரவா?" என்று கேட்டது.

"சமத்து" என்றார்கள். அந்தச் சொல் என் மேல் ஒட்டிக்கொண்டது. சமத்து என்றால் தனக்கென்று எதையும் கேட்காத பிள்ளை. சமத்து என்றால் உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு எது வேண்டும் என்பதை வெளியே சொல்வதை நிறுத்தினேன். கொஞ்ச காலத்தில் உள்ளேயும் அந்தச் சத்தம் நின்றுபோனது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கணக்கு தெரியாது. ஆச்சி என்னை அனுப்பியது நான் ஏதோ தப்பு செய்ததால்தான் என்று நினைத்தேன். இங்கேயாவது தப்பு செய்யாமல் இருந்தால் யாரும் அனுப்ப மாட்டார்கள்.

பவுல்பி சொன்ன முக்கியமான விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். குழந்தை தன்னை வளர்ப்பவரோடு பழகிப் பழகி மனசுக்குள் ஒரு மாதிரியை அமைத்துக்கொள்கிறது. கூப்பிட்டால் ஆள் வருமா என்பது அதில் ஒரு பாதி. கூப்பிட்டால் ஆள் வருமளவுக்குத் தகுதியான பிள்ளையா நான் என்பது மறுபாதி. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அனுபவத்திலிருந்து உருவாகின்றன. பேச்சு வருவதற்கு முன்பே எழுத ஆரம்பித்துவிட்ட கணக்கு என்பதால் அது ஒரு கருத்தாகத் தெரிவதில்லை. உலகமே இப்படித்தான் என்று தெரிகிறது.

அவரோடு வேலை செய்த மேரி ஐன்ஸ்வொர்த் 1954இல் உகாண்டாவுக்குப் போனார். கம்பாலாவைச் சுற்றியிருந்த ஊர்களில் 26 குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். அவர் முதலில் பார்க்க நினைத்தது வேறு. அங்கே தாய்ப்பாலை மறக்கடிக்கப் பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இருந்ததாகக் கேள்விப்பட்டிருந்தார். போய்ப் பார்த்தால் பெரும்பாலான குடும்பங்கள் அதைக் கைவிட்டிருந்தன. நம் ஊரில் வேப்பெண்ணெய் தடவி மறக்கடிப்பார்கள், அதைவிட அது எவ்வளவோ கடினம் என்று படிக்கும்போது நினைத்துக்கொண்டேன். சரி, பார்க்க வந்தது இல்லை என்றானபோது அவர் இருந்ததைப் பார்த்தார். தாய் பக்கத்தில் இருக்கும்போது குழந்தை எவ்வளவு தூரம் தைரியமாகத் தவழ்ந்து போகிறது, எப்போது திரும்பிப் பார்க்கிறது, எப்போது ஓடி வருகிறது. தாய் ஒரு முகாம் மாதிரி. அங்கிருந்து கிளம்பிப்போய் உலகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வரலாம்.

பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் ஐன்ஸ்வொர்த் நடத்திய ஆய்வு இன்னும் பிரபலம். ஒரு வயதுக் குழந்தையை அறியாத ஓர் அறையில் பொம்மைகளோடு வைத்து, தாய் வெளியே போய்த் திரும்பி வருவதைப் பார்ப்பது. மொத்தம் இருபது நிமிடம் போல. பிரியும்போது அழுகிறதா என்பதைவிடத் திரும்பி வந்ததும் குழந்தை என்ன செய்கிறது என்பதைத்தான் அவர்கள் முக்கியமாகக் கவனித்தார்கள். சில குழந்தைகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போனார்கள். சில குழந்தைகள் ஒட்டிக்கொண்டும் அடங்கவில்லை. அழுகையும் கோபமுமாகத் தாயை விடவே இல்லை, பொம்மைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. இன்னும் சில குழந்தைகள் தாய் வந்ததையே கண்டுகொள்ளாத மாதிரி பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த மூன்றிலும் அடங்காமல் குழம்பி உறைந்துபோகும் குழந்தைகளைப் பற்றி மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் 1980களில் எழுதினார்கள்.

என்னைக் கலங்கடித்தது அந்த பொம்மை உருட்டும் குழந்தைகள். பார்க்க எவ்வளவு அமைதி. ஆனால் 1970களில் ஆலன் ஸ்ரூஃப், எவரெட் வாட்டர்ஸ் இருவரும் அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்து பார்த்தார்கள். வெளியே ஒன்றுமே தெரியவில்லை, உள்ளே துடிப்பு ஏறியிருந்தது. அந்தக் குழந்தைக்கு வலிக்காமல் இல்லை. வலியைக் காட்டினால் பயனில்லை என்று ஒரு வயதுக்குள் கற்றுக்கொண்டிருக்கிறது.

என் கணவரை எனக்கு அறிமுகம் செய்தது இந்த ஒரு பத்திதான். கல்யாணமாகி எத்தனையோ வருடம் கழித்து.

அவர் ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில் வளர்ந்தவர். "யாரையும் நம்பி நான் இல்லை" என்பது அவர் தன்னைப் பற்றி அடிக்கடி சொல்கிற வாக்கியம், அதில் ஒரு நிமிர்வு இருக்கும். எதையாவது பேச உட்கார்ந்தால் எழுந்து போய் பைக்கைத் துடைப்பார். நான் பின்னாலேயே போவேன். "என்மேல கோபமா? சொல்லுங்க, கோபமா?" என்று கேட்டுக்கொண்டே நிற்பேன். "ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல" என்பார். நான் நெருங்க நெருங்க அவர் சுருங்குவார், அவர் சுருங்கச் சுருங்க நான் இன்னும் நெருங்குவேன். பத்து வருடம் இதைச் செய்தோம். அவருக்கு மனசே கிடையாது என்று எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன்.

மாமனார் இறந்தபோது அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஐஸ் பெட்டி, பந்தல், சொந்தக்காரர்களுக்கு ஃபோன், புரோகிதர், எல்லாவற்றுக்கும் ஒரு லிஸ்ட் போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். "கல்லு மாதிரி நிக்கிறான் பாரு" என்று சிலர் மெச்சினார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். பதினாறாம் நாள் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தார். டாக்டரிடம் கூட்டிப்போனால் ரத்த அழுத்தம் 170க்கு 110. அந்தக் குழந்தைகளைப் பற்றிப் படித்தபோது அந்தப் பதினாறு நாளும் என் கண்முன்னே வந்து நின்றன. அன்றைக்கு அழுதது நான்தான்.

1987இல் சிண்டி ஹசான், ஃபிலிப் ஷேவர் என்ற இருவர் இதே வகைகளைப் பெரியவர்களின் காதலுக்குக் கொண்டுவந்தார்கள். டென்வர் நகரச் செய்தித்தாள் ஒன்றில் கேள்விகளை அச்சிட்டு வாசகர்களைப் பதில் எழுதச் சொன்னார்கள். பதில் போட்டவர்களில் 56 சதவீதம் பேர் நிம்மதியான ஒட்டுதல், 25 சதவீதம் விலகும் வகை, 19 சதவீதம் பதறும் வகை. இணையத்தில் 'நீங்கள் எந்த வகை' என்று சோதித்துச் சொல்கிற வினாக்களுக்கெல்லாம் மூலம் இதுதான். அந்தச் சோதனைகளில் எனக்குப் பெரிய மதிப்பில்லை. ஒரே ஆள் கணவரிடம் பதறுவார், அக்காவிடம் நிம்மதியாக இருப்பார். இப்போது ஆராய்ச்சியாளர்களே இதைப் பெட்டிகளாகப் பார்ப்பதைவிட அளவுகோலில் கூடுதல் குறைவாகப் பார்க்கிறார்கள்.

எனக்கு அதிகம் உதவியது கிம் பார்த்தலமியு, லெனார்ட் ஹோரோவிட்ஸ் இருவரும் 1991இல் எழுதியது. அவர்கள் கேட்டது இரண்டே கேள்வி. என்னைப் பற்றி எனக்கு என்ன எண்ணம்? மற்றவரைப் பற்றி என்ன எண்ணம்? பதறுகிறவருக்கு மற்றவர் உயர்வு, தான் தாழ்வு. விலகுகிறவருக்குத் தான் போதும், மற்றவர் நம்பத்தகாதவர். இரண்டு பேருமே 'நான்' என்பதைக் காப்பாற்றத்தான் போராடுகிறார்கள். ஒருவர் அடுத்தவரிடமிருந்து தினமும் கொஞ்சம் கடன் வாங்கிப் பிழைக்கிறார், இன்னொருவர் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பிழைக்கிறார். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே நடந்தன.

அப்புறம் அந்தக் கையெழுத்து. இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் மரியோ மிக்குலின்சரும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் ஒன்றைக் காட்டினார்கள். மனசில் ஓர் அச்சம் கிளறப்படும்போது, பதறும் வகையினர் தங்களை எதிரில் இருப்பவரைப் போலவே விவரிக்கத் தொடங்குகிறார்கள். விலகும் வகையினர் அவரிலிருந்து வேறுபட்டவராகத் தங்களை விவரிக்கிறார்கள், இருவருக்கும் பொதுவாக இருக்கும் குணங்களை மறந்தும் போகிறார்கள். நிம்மதியானவர்களின் சுயசித்திரம் பெரிதாக ஆடவில்லை. சாய்ந்த எழுத்து, உருண்டை எழுத்து எல்லாம் எனக்குப் புரிந்தது அப்போதுதான். அது நட்பின் அழகு என்று நினைத்திருந்தேன். அன்பு அதில் நிச்சயம் இருந்தது. ஆனால் கையைத் திருப்பியது பயம். உன்னை மாதிரியே இருந்தால் என்னை அனுப்ப மாட்டாய் அல்லவா.

ஆக, கத்திரிக்காய்க் கூடைக்கு முன்னால் நின்றபோது காணாமல் போயிருந்த அந்த ஆளை அன்பு கரைத்துவிடவில்லை. 1986இலிருந்து, விட்டுப்போகாமல் இருப்பதற்கான கட்டணமாக நானே அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தீர்த்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. என் கணவர் ஒருநாளும், "எனக்குப் பிடித்ததையே சமை" என்று சொன்னவரில்லை.

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதம் வரும், வரவும் வேண்டும். 'நான்' தனியாக, தெளிவாக, எல்லை போட்டு நிற்க வேண்டும் என்பதே மேற்கத்திய எண்ணம் இல்லையா? நம் வீடுகளில் ஒருவர் தட்டில் இன்னொருவர் சாப்பிடுகிறோம். குழந்தை பெரியம்மாவை அம்மா என்கிறது. 1970களில் தமிழ்நாட்டில் ஆய்வு செய்ய வந்து, பின்னர் ஒரு தமிழ்க் குடும்பத்தோடே தங்கிப் பழகிய மார்கரெட் ட்ராவிக் என்ற மானுடவியலாளர், இங்கே அன்பின் குணங்களாகக் கண்டவற்றில் கலத்தலும் மயக்கமும் உண்டு. அடக்கமும் உண்டு, தாய் தன் பிள்ளைமேல் இருக்கும் ஆசையை வெளியே காட்டாமல் மறைப்பது, கண்பட்டுவிடும் என்று. இதையெல்லாம் பால்டிமோர் அறையில் வைத்து அளந்தால் என்ன வரும்?

நியாயமான கேள்வி. எட்டு நாடுகளில் இதே முறையில் நடந்த 32 ஆய்வுகளை 1988இல் சேர்த்துப் பார்த்தபோது நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடுதான் அதிகமாக இருந்தது என்று தெரிந்தது. அது ஒரு பதில். எனக்கு அதைவிட ஆச்சிதான் பதில். ஆச்சி தனக்கென்று வாழ்ந்தவரே இல்லை. ஆறு பிள்ளை, பேரப்பிள்ளைகள், மாடு, தோட்டம். கடைசி வரைக்கும் மற்றவர் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட்டார். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு அவருக்குக் கருப்பட்டிக் காப்பி வேண்டும். சுக்கு கொஞ்சம் தூக்கலாக. வீட்டில் கல்யாணமே நடந்தாலும் நாலு மணிக்கு அடுப்படிக்குப் போய்ப் போட்டு, திண்ணையில் உட்கார்ந்து, ஆற ஆறக் குடிப்பார். அந்தப் பத்து நிமிடம் யாரும் கூப்பிட முடியாது. அவர் எல்லாரோடும் கலந்தவர், ஆனால் தொலையவில்லை. கலப்பதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பயத்தில் கலந்தால் திரும்பி வர வழி தெரியாமல் போகிறது, அதைத்தான் சொல்கிறேன்.

2021இல் ஓர் ஆலோசகரிடம் போக ஆரம்பித்தேன். மூன்றாவது சந்திப்பில் அவர், "உங்க அம்மாவோட உறவைப் பத்தி அஞ்சு வார்த்தை சொல்லுங்க" என்றார். அன்பு, பாதுகாப்பு, தியாகம், ஒழுங்கு, நிம்மதி என்று மளமளவென்று சொன்னேன். "நிம்மதிங்கறதுக்கு ஒரு சம்பவம் சொல்லுங்க, எந்த நாள்னு ஞாபகம் வருது?" எனக்கு ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேரி மெய்னும் அவர் மாணவர்களும் 1980களில் உருவாக்கிய நீண்ட பேட்டி ஒன்றிலிருந்து எடுத்த கேள்வி அது என்று பிறகு சொன்னார். அந்தப் பேட்டியில் ஒருவருக்குக் குழந்தைப்பருவம் நல்லதா கெட்டதா என்று மதிப்பெண் போடுவதில்லை. சொல்கிற கதை ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். சிலர் பெரிய சொற்களைச் சொல்வார்கள், அடியில் நினைவு இருக்காது. சிலர் தொடங்கினால் நிறுத்த முடியாமல் பழைய கோபத்துக்குள்ளேயே சுற்றுவார்கள். கடினமான பிள்ளைப்பருவத்தைக் கொண்டவர்களும் அதை நிதானமாக, உள்ளபடி சொல்ல முடிகிற இடத்துக்கு வந்து சேர்வதுண்டு. சம்பாதித்த நிம்மதி என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குள் ஏதோ தளர்ந்தது.

அடுத்த வாரம் அவர் ஆச்சிக்கு ஐந்து சொல் கேட்டார். நான் ஒரு சொல்லும் சொல்லாமல் சேலைத் தலைப்பு, கருப்பட்டி, வத்தல் என்று சொல்லிக்கொண்டே போய், ஸ்டேஷன் வரைக்கும் வந்து, முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்த ரயிலுக்காக அழுதேன். அதுவரைக்கும் அம்மா என்னை விட்டுப் போனதுதான் காயம் என்று எல்லாரும் நினைத்திருந்தோம், அம்மா உட்பட. பாவம், அதற்காகவே வாழ்நாள் முழுக்கக் குற்ற உணர்வில் இருந்திருக்கிறார். காயம் வேறு இடத்தில். ஆச்சியைப் பிரிந்ததற்காக அழ அந்த வீட்டில் இடமில்லை, ஏனென்றால் நான் சொந்த அம்மாவிடம்தானே வந்து சேர்ந்திருக்கிறேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். சொல்லும்போது கை நடுங்கியது, மறுபடி அனுப்பிவிடுவார்களோ என்கிற அதே நடுக்கம், நாற்பது வயதில். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "தண்ணி எடுத்துத் தரவான்னு நீ கேட்டப்ப, எனக்குத் திரும்ப ஊருக்கே கொண்டு போய் விட்டுடலாமான்னு இருந்துச்சு. நீ எங்கிட்ட விருந்தாளி மாதிரி பேசின" என்றார். அவரும் அன்றே கவனித்திருக்கிறார். சமத்து என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டே.

கணவரிடம் பேசியது அத்தனை சுலபமாக நடக்கவில்லை. அவர் ஆலோசகரிடம் வர மறுத்துவிட்டார். நான் வற்புறுத்தவில்லை, அதுவே எனக்குப் புதிது. ஒருநாள் அந்த இதயத்துடிப்புச் செய்தியை மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போனார், பைக்கைத் துடைக்கத்தான். நான் பின்னால் போகவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்து, ஹாஸ்டலில் முதல் மாதம் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுததைச் சொன்னார். பக்கத்துப் படுக்கைக்காரன் பார்த்துவிட்டு எல்லாரிடமும் சொல்லிவிட்டானாம். அதற்கப்புறம் அழுததில்லை. இரண்டு வாக்கியம்தான். நான் கேள்வி கேட்கவில்லை.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ப்ரூக் ஃபீனி 2007இல் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. துணையின் மேல் சாய்ந்துகொள்ள அனுமதி கிடைத்தவர்கள்தான் அதிகமாகத் தனித்து நிற்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, தாங்களாகவே செய்து முடிக்க நினைத்த காரியத்தை முடித்தவர்களும் அவர்களே அதிகம். சாய்ந்தால் கெட்டுப்போவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன், என் கணவரும் அப்படியே. எங்கள் வீட்டில் இது சின்னச் சின்ன விஷயங்களில் நடந்தது. "இன்னிக்கு எனக்கு முடியல, நீங்க பாருங்க" என்று நான் முதல்முறை சொன்னேன், வானம் இடிந்து விழவில்லை. ராத்திரி சமையலில் எனக்கென்று ஒன்று யோசிக்க ஆரம்பித்தேன். முதலில் ஒன்றுமே தோன்றாது. அடுப்புக்கு முன்னால் சும்மா நிற்பேன். பிறகு ஒருநாள், சுண்ட வத்தக் குழம்பு என்று உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள். அந்தக் கசப்பு எனக்கு அவ்வளவு பிடிக்கிறது. மகள் முகத்தைச் சுளித்தாள். நான் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

போன தை மாதம் கோவில்பட்டிக்குத் தனியாகப் போனேன். ஆச்சி வீட்டை விற்கப் போகிறார்கள், அதற்குமுன் மூன்று நாள் அங்கே இருக்க வேண்டும்போல இருந்தது. தனியாக ரயிலில் போவது அதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் அவர் ஊருக்குப் போனாலோ நான் போனாலோ ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஃபோன் செய்வேன். எடுக்காவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், எடுத்தால் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடுவேன். இந்த முறை படுத்ததும் தூங்கிவிட்டேன். விருதுநகர் தாண்டியபோதுதான் விழித்தேன். கரிசல் மண்ணில் இருட்டு இன்னும் பிரியவில்லை. ஃபோன் பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது, ராத்திரி முழுக்க அதை எடுக்கவே இல்லை.

வீட்டைத் திறந்து, கூட்டி, பக்கத்து வீட்டு மதினி கொடுத்த கருப்பட்டியில் காப்பி போட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். குடித்து முடித்த பிறகு அவரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்து சேர்ந்துட்டேன். வீடு அப்படியே இருக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார். "ராத்திரியெல்லாம் ஃபோனைக் கையிலேயே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிடவே இல்லையே."